ஸ்டார்ட் பொத்தானை ஏன் நகர்த்தினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதுவரை ‘இருப்பதே போதும்’ என்று காலத்தை ஓட்டியவர்களும் விண்டோஸ் 11-க்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வந்தவர்கள் புலம்பினால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “கொஞ்ச நாளில் பழகிவிடும்.” நிறம், ஐகான், வளைந்த ஓரங்கள் எல்லாம் பழகிவிடும்தான். ஆனால் சில மாற்றங்கள் பழகவே முடியாதபடி அமைந்திருக்கின்றன. அவற்றைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்டார்ட் பொத்தான். விண்டோஸ் 95 தொடங்கி அது இடது கீழ் மூலையில் இருந்தது. மவுஸை அந்தத் திசையில் ஒரு தள்ளு தள்ளினால் போதும், சுட்டி திரையின் ஓரத்தில் முட்டித் தானே நின்றுவிடும். குறி பார்க்கத் தேவையில்லை. ஒரு இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே காட்டிவிட்டார். அந்தக் கணக்கில் திரையின் மூலையை அடித்துக்கொள்ள வேறு இடம் கிடையாது. விண்டோஸ் 11 அந்தப் பொத்தானை மற்ற ஐகான்களோடு சேர்த்து நடுவில் நிறுத்தியது. நடுவில் இருப்பதுகூடப் பரவாயில்லை, அது ஓரிடத்தில் நிற்பதில்லை. புதிதாக ஒரு நிரலைத் திறந்தால் வரிசை நீள்கிறது, ஸ்டார்ட் அரை ஐகான் அளவு இடப்பக்கம் நகர்கிறது. மூடினால் திரும்பி வருகிறது. நான்கைந்து நிரல்கள் திறந்திருக்கும்போது கை பழைய இடத்துக்குப் போனால் பக்கத்து ஐகான்தான் சிக்கும். நகர்ந்துகொண்டே இருப்பதற்குக் கை எப்படிப் பழகும்?

சரிசெய்வது எளிது. திரையின் அடியில் ஐகான்கள் நிற்கும் பட்டையான டாஸ்க்பாரில் வெற்றிடத்தின் மேல் வலது க்ளிக் செய்து ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ திறந்து, கடைசியில் உள்ள ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ பகுதியை விரித்து, ‘டாஸ்க்பார் அலைன்மென்ட்’ என்பதை ‘லெஃப்ட்’ ஆக்கினால் பொத்தான் மூலைக்குத் திரும்பிவிடும். அங்கேயே பட்டன்களை ஒன்றுசேர்த்துப் பெயரை மறைக்கும் வசதி இருக்கிறது. அதை ‘நெவர்’ ஆக்குங்கள். இல்லையென்றால் திறந்திருக்கும் நான்கு எக்செல் கோப்புகளும் ஒரே ஐகானுக்குள் ஒளிந்துகொள்ளும், ஒவ்வொரு முறையும் முன்னோட்டத்தைப் பார்த்துத் தேட வேண்டியிருக்கும். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது இந்த ‘நெவர்’ இல்லை. 2023-இல்தான் திருப்பித் தந்தார்கள். உங்கள் கணினியில் காணவில்லை என்றால் பதிப்பு பழையது. விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ அழுத்தி ‘வின்வெர்’ (winver) என்று ஆங்கிலத்தில் தட்டினால் பதிப்பு எண் தெரியும். 23எச்2 (23H2) அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

அடுத்த தலைவலி வலது க்ளிக் மெனு. கட், காப்பி, ரீநேம், டெலிட் எல்லாம் முன்பு சொற்களாக இருந்தன. இப்போது சிறு படங்களாக ஒரே வரிசையில் நிற்கின்றன. கோப்பு திரையின் மேற்பகுதியில் இருந்தால் அந்த வரிசை மெனுவின் உச்சியில் வரும். கீழ்ப்பகுதியில் இருந்தால் மெனு மேல்நோக்கி விரியும், வரிசை அடியில் வரும். சுட்டிக்கு அருகில் இருக்கட்டும் என்று யோசித்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் கண் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுகிறது. படங்களுக்குக் கீழே பெயர் போட 24எச்2 பதிப்பு வரை மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய நிரல்களின் கட்டளைகள் பல ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குப் பின்னால் போய்விட்டன. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது க்ளிக் செய்தால் பழைய மெனு நேராகவே திறக்கும். கோப்பைத் தேர்ந்து ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்தினாலும் அதேதான். பெயர் மாற்ற எஃப்2 இருக்கவே இருக்கிறது.

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ‘ஹோம்’ பக்கத்தில் திறப்பது பிடிக்காதவர்கள், மேலே மூன்று புள்ளிகளில் ‘ஆப்ஷன்ஸ்’ போய் ‘திஸ் பீசி’ என்று மாற்றிக்கொள்ளலாம். வரிசைகளுக்கு இடையே இடைவெளி அதிகமாகி ஒரே திரையில் குறைவான கோப்புகளே தெரிகின்றனவே, அதற்கு ‘வியூ’ மெனுவில் ‘காம்பாக்ட் வியூ’ உண்டு. கண்ட்ரோல் பேனலும் போய்விடவில்லை. விண்டோஸ் விசை, ‘ஆர்’, ‘கண்ட்ரோல்’ என்று தட்டினால் வரும். மவுஸ், பிரிண்டர் அமைப்புகள் பாதி இங்கும் பாதி செட்டிங்ஸிலும் கிடப்பது தனிக்கதை.

பழைய தோற்றத்தைக் கொண்டுவர வெளி நிரல்களை நிறுவுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாஸ்க்பாரையே மாற்றும் வகை நிரல்கள், அதை இயக்கும் எக்ஸ்ப்ளோரருக்குள் புகுந்து வேலை செய்பவை. அதன் உட்கட்டமைப்பு பெரிய அப்டேட்டில் மாறும்போது டாஸ்க்பார் வராமலே போகலாம், திரை மினுக்கிக்கொண்டே இருக்கலாம். அப்டேட்டுக்கு முன் அவற்றை நீக்கிவிடுவது நல்லது. மாட்டிக்கொண்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ரன் நியூ டாஸ்க்’கில் ‘கண்ட்ரோல்’ என்று கொடுத்து அந்த நிரலை நீக்கிப் பாருங்கள்.

இந்தக் கூத்து புதிதல்ல. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே தூக்கியது. அடுத்த ஆண்டு 8.1-இல் பொத்தான் திரும்பியது, மெனு 2015-இல் விண்டோஸ் 10-இல்தான் வந்தது. லினக்ஸ் பக்கம் 2011-இல் க்னோம் என்ற திரைத்தோற்ற நிரலின் மூன்றாம் பதிப்பு வந்தபோது, பழைய க்னோம் 2-ஐக் கைவிட மனமில்லாதவர்கள் அதையே ‘மாட்டே’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். புலம்பியவர்களுக்குக் கற்க வரவில்லை என்றால், எடுத்ததை ஏன் திருப்பித் தந்தார்கள்? அதே 2011-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கான லயன் பதிப்பில் பக்கத்தை உருட்டும் திசையைத் தலைகீழாக்கியது. ஆனால் வேண்டாதவர்கள் எடுத்துவிட ஒரு டிக் பெட்டியையும் செட்டிங்ஸில் வைத்திருந்தது. பதிப்பை ஏற்றி முடித்ததும் ‘பழைய இடத்திலேயே இருக்கட்டுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் மேலே சொன்ன பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கணினிப் பகுதியில் புதிய பதிப்பைப் பற்றி எழுதும்போது என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதோடு, எதை எடுத்துவிட்டார்கள், எதை எங்கே நகர்த்தினார்கள், பழையபடி வைக்க எந்த மெனுவுக்குப் போக வேண்டும் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்