மழை வந்தால் கணக்குப் பாடம் கிடையாது

கோத்தகிரி,
ஐப்பசி, மழை விட்ட ஒரு மாலை.

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பேத்தி ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததற்கு என் ஆசியைச் சொல்.

கட்டட பிளான் போடுகிற என் ஆபீஸ் எப்படி ஓடுகிறது, பள்ளிக்கூட வேலைகளில் இன்னும் நாலு காசு நிற்கிறதா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் பேங்கில் இருந்தவனிடம் எதை மறைக்க? போன வருஷம் வரவு குறைந்துவிட்டது. கையில் ஒன்பது பள்ளி வேலைகள் இருந்தன, அதில் புதுக் கட்டடம் ஒன்றே ஒன்று. மற்ற எட்டும் ஒழுகல், விரிசல், தடுப்புச்சுவர், கழிப்பறை. ஆறு பேர் இருந்த ஆபீஸில் இப்போது நாலு பேர்தான்.

இது திடீரென்று வந்ததில்லை. 2001 கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. தமிழ்நாடே ஏறிக்கொண்டிருந்தபோது இந்த மாவட்டம் இறங்கியது. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் திருப்பூருக்கும் கோவைக்கும் குடும்பத்தோடு போனவர்களின் பிள்ளைகளுக்கு அங்கேதானே வகுப்பறை வேண்டும்? இங்கே இருக்கிற பெஞ்சுகளே நிரம்பவில்லை.

புதிதாகக் கட்ட வருகிற ஒன்றிரண்டு பேரும் சமவெளியில் கட்டிய நாலு மாடிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மலையில் 7 மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது, பொக்லைன் இறக்க கலெக்டர் அனுமதி வேண்டும் என்று சொன்னதும் முகம் வாடிவிடுகிறது. 2009 நவம்பரில் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு அந்த விதிகளைத் தளர்த்தித் தரச் சொல்லி என்னிடம் கேட்டால் நான் மாட்டேன். அப்படிப் போன வேலைகளுக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

வருந்துவது வேறு விஷயத்துக்கு. மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட பிளானை ஒரு நிர்வாகம் மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டது. பாதிப் பணம் இன்னும் வரவில்லை. இதில் வரிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரு லட்சத்துக்கு பில் போட்டால் அதன் மேல் 18,000 ஜிஎஸ்டி. பள்ளிக் கல்விக்கு வரிவிலக்கு உண்டு என்பதால் இந்த 18,000-ஐ அவர்கள் எதிலும் கழித்துக்கொள்ள வழியில்லை, முழுக்க அவர்கள் தலையில் விழுகிற செலவு. அதனால்தான் அத்தனை பேரம். என் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கிற டிடிஎஸ் என்று 10,000 பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஜூனில் ஃபீஸ் வசூலானதும் தருவார்கள். நானோ பில் போட்ட அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். டிசம்பர் பில்லுக்கு ஜனவரியில் கைக்காசைப் போட்டுக் கட்டினேன். இப்போதெல்லாம் முதலில் தொகையை மட்டும் சொல்லும் புரோஃபார்மா என்கிற மாதிரி பில்லை அனுப்பிவிட்டு, பணம் வந்த பிறகே வரி பில்.

ஆனால் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தது இதையெல்லாம் அல்ல. கட்டபெட்டு பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பழைய கல் சுவர், மேலே தகர ஷீட். கூரையை மாற்றித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் போன அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாலாம் வகுப்பு டீச்சர் பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஷீட்டில் மழை இறங்கியதும் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே நோட்டை மூடிவிட்டு படம் வரைகிற நோட்டை எடுத்தார்கள். "மழை வந்தா கணக்கு கிடையாது சார், படம்தான்" என்றார் டீச்சர் பிறகு. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

ஷீட்டைத் தட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. அதைப் பிரிக்காமல் அடியில் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சை வைத்துக் கீழே பலகை அடித்தோம், ஆணி ஓட்டைகளை அடைத்தோம், தண்ணீர்த் தாரையைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். மொத்தச் செலவு நாலு லட்சம். செலவில் 6 சதவீதம் என்கிற பழைய கணக்குப்படி எனக்கு 24,000. நான் ஏறி இறங்கியதோ பதினொரு தடவை. முழுக் கூரையையும் பிரித்துப் போடச் சொல்லியிருந்தால் எனக்கு மூன்று மடங்கு வந்திருக்கும், அந்தப் பள்ளி கடன் வாங்கியிருக்கும்.

நன்றாக யோசிக்க யோசிக்க என் கூலி குறைகிறது என்றால் அந்தக் கணக்கில்தான் கோளாறு. இனி இந்த மலையில் பள்ளிக்கூட வேலை என்றால் பெரும்பாலும் பழையதைக் காப்பாற்றுகிற வேலைதான். அதற்குச் சதவீதம் ஒத்துவராது. பார்வையிட்டு அறிக்கை தர ஒரு தொகை, முன்பணமாக. மேற்பார்வைக்கு வந்து போகிற நாள் கணக்கு. இப்படிக் கேட்டதில் இரண்டு பள்ளிகள் ஒப்புக்கொண்டன, ஒன்று மறுத்துவிட்டது. வருஷக் கடைசியில் கை கடிக்காது என்றுதான் தோன்றுகிறது.

புது ஒப்பந்தப் படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் பென்சில் கோடு போட்ட இடத்தை, லோன் பேப்பர் படிக்கிற கண்ணோடு படித்துவிட்டு எழுது. முட்டி சரியானதும் சித்திரையில் இரண்டு பேரும் வாருங்கள். வீட்டு வாசலில் படி ஏதும் இல்லை.

என்றும் அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்