சேகருக்கு, மார்பியா படத்தைப் பத்தி

டேய் சேகர்,

ரொம்ப நாளா எழுதலைன்னு கோவப்படாத. வீட்ல எல்லாரும் சௌக்கியம், கணேசன் அண்ணன் இன்னும் அதே ஸ்கூட்டர்தான். நேத்து ராத்திரி ஒரு ரஷ்யப் படம் பாத்தேன், உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. பாலபானோவ் எடுத்த மார்பியா, 2008ல வந்தது. ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவோட கதைகள வச்சு செர்கேய் போத்ரோவ் ஜூனியர் எழுதின ஸ்கிரிப்ட், பாவம் மனுஷன் 2002லயே காகசஸ் மலையில பனிச்சரிவுல போய்ட்டான், படத்தைப் பாக்கவே இல்ல.

1917, ரஷ்யாவுல ஒரு குக்கிராமத்து ஆஸ்பத்திரி, சுத்தி பனிதான். படிப்ப முடிச்ச கையோட பொல்யாகோவ்னு ஒரு சின்னப் பையன் டாக்டரா வந்து எறங்குறான். டிப்தீரியா, அதான் தொண்டை அடைப்பான் நோய், அது தொத்திடக் கூடாதுன்னு போட்ட மருந்து ஒத்துக்காம உடம்பு தடிச்சுப் போக, நர்ஸ் அன்னா மார்பின் ஊசி போடுறா, வலி தெரியாம இருக்கப் போடுற மருந்து, ஆனா அடிமையாக்கிடும். அவ்ளோதான்டா ஆரம்பம். மெஷின்ல கால் சிக்கின ஒரு பொண்ணுக்கு ரம்பத்தால கால அறுக்குற சீன் இருக்கு, கேமரா நகரவே நகராது, நீயே ஒரு நிமிஷம் கண்ண மூடுவ.

என்னைய உலுக்கினது என்னன்னா, அவன் வேலைல கெட்டிக்காரன்டா. உயிரக் காப்பாத்துறான், ஊரே கையெடுத்துக் கும்பிடுது, அதனாலயே அவன் அழியுறத யாரும் கேக்கல. வெளிய புரட்சி, ஜமீன் வீடு எரியுது, அதுக்குள்ள கிராமபோன்ல வெர்டின்ஸ்கி பாட்டு, பெரிய மனுஷங்க குடிச்சுக்கிட்டே இருக்காங்க. மொத்த சமூகமும் வலி தெரியாம இருக்க எதையோ போட்டுக்கிட்டு கெடக்கு, இவன் கையில ஊசி இருக்கு, அதான் வித்தியாசம். கடைசில சினிமா கொட்டகைல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறப்ப அவனும் சிரிச்சுக்கிட்டே தன்னையே சுட்டுக்குறான், பக்கத்துல எவனுக்கும் சிரிப்பு நிக்கல!

புல்ககோவும் ஸ்மோலென்ஸ்க் பக்கம் கிராமத்து டாக்டரா இருந்தப்ப இதே மார்பின்ல மாட்டினவர்தான், பொண்டாட்டி தத்யானா கூடவே நின்னு மீட்டுக் கொண்டு வந்தா. படத்துல அன்னாவால அது முடியல, அவளும் சேந்து ஊசி போட ஆரம்பிச்சுடுறா.

இப்ப நேரா கேக்குறேன்டா. நைட் ட்யூட்டி முடிச்சா தூக்கம் வரலன்னு நீயே ஒரு மாத்திரை எழுதிப் போட்டுக்கிட்டியே, அத விட்டுட்டியா இல்லயா? கவிதாவுக்குத் தெரியுமா? நல்ல டாக்டர்னு ஊர்ல உன்ன ஆயிரம் பேர் சொல்லலாம், எனக்கு இதுக்குப் பதில் வேணும். வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டு, நான் கூட வர்றேன். ஞாயித்துக்கிழமை கால் பண்ணு, எடுக்கலன்னா பஸ் ஏறி வந்துடுவேன்.

முரளி