மிக்ஸரில் இரண்டு கோடுகள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வெள்ளிக்கிழமை இரவு தாம்பரத்து மண்டபத்தில் நடந்த திருமண வரவேற்பு நல்லபடியாக முடிந்தது. ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று நான் பாட்டுப் போட்டது அதுவே முதல் முறை என்பதும், அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை என் கருவியும் சேர்த்து வைத்த பாட்டுகளும் கையைவிட்டுப் போயின என்பதும் இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி விவரித்து உங்களையும் என்னையும் வருத்த விரும்பவில்லை. என் டிஜே வேலை எப்படி இருந்தது என்பதை ஆடியவர்களும், கடைசிவரை நாற்காலியை விட்டு எழாத பெரியவர்களும் சொல்லட்டும். கையில் கருவியும் இல்லாமல், சேர்த்து வைத்த பாட்டுகளும் இல்லாமல் நின்ற ஒருத்தியை வெள்ளிக்கிழமைக்குள் மேடைவரை கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கு நன்றி சொல்வது மட்டுமே இப்போது என் வேலை. அதைத் தள்ளிப்போட்டால் சொற்கள் ஆறிப்போகும் என்று தோன்றுவதால் உடனே எழுதுகிறேன்.

முதல் நன்றி மைக் செட் அண்ணாச்சிக்கு. அவர் இதை எதிர்பார்க்க மாட்டார். தாம் ஏதும் செய்ததாகவே அவர் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மண்டபத்துக்கு ஒலியமைப்புச் செய்தவர் அவர்தான். முடிச்சூர் சாலைப் பக்கம் கிடங்கு வைத்திருக்கிறார். இரவல் வாங்கிய கன்ட்ரோலரில் (மடிக்கணினியிலுள்ள பாட்டுகளைக் கையால் மாற்றிக் கலக்கும் டிஜே கருவி) வீட்டு ஒலிக்கருவிகளில் இருப்பது போன்ற ஆர்சிஏ துளைகள் மட்டுமே இருக்கின்றன, ஒலிகளைக் கலந்து அளவைக் கூட்டிக் குறைக்கும் மண்டபத்து மிக்ஸருக்கோ மைக்குகளுக்கு மாட்டும் எக்ஸ்எல்ஆர் கேபிள் வேண்டும், இரண்டையும் எதைக் கொண்டு இணைப்பது என்ற ஒரே கேள்வியோடு வியாழக்கிழமை மாலை அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “பொட்டியத் தூக்கிட்டு நேர்ல வா” என்றார். போனபோது, மெலிந்த ஆர்சிஏ கம்பியை மேடையிலிருந்து மிக்ஸர் வரை நீளமாக இழுத்தால் விளக்குகளுக்குப் போகும் மின்கம்பியின் ரீங்காரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் என்று சொல்லி, ஒலியை எக்ஸ்எல்ஆர் கேபிளில் இரைச்சலின்றி அனுப்ப ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அத்தோடு என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அவர் என்னை அனுப்பவில்லை. மறுநாளைக்காகத் துடைத்து வைத்திருந்த இரண்டு டாப் ஒலிபெருக்கிகள், அடிநாதத்துக்கான ஒரு பேஸ் பெட்டி ஆகியவற்றைக் கிடங்கின் நடுவிலேயே இணைத்து, “ஒம் பாட்ட நீயே ஒருதடவ பெருசா கேட்டுக்க” என்று சொல்லிவிட்டு, கேபிள் சுற்றப் போய்விட்டார்.

புதிதாகக் கற்பவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். அதுவரை நான் பாட்டுகளைக் கேட்டதெல்லாம் ஹெட்ஃபோனிலும் மேசை மீதிருக்கும் சிறு பெட்டியிலும்தான். பெரிய பெட்டியில் கேட்கும்போது, அறைக்குள் இதமாக இருந்த ஒரு பாட்டின் அடிநாதம் பாடுபவரின் குரலை விழுங்கிவிடுகிறது. பழைய பதிவுகள் அடங்கியே ஒலிக்க, அண்மைக்காலத்துப் பாட்டுகள் உச்ச அளவுக்கு நெருக்கிப் பதிவு செய்யப்பட்டிருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் கேட்பவர் திடுக்கிட்டுப் போவார். ஒவ்வொரு பாட்டுக்கும் கெய்னை, அதாவது உள்ளே வரும் ஒலியின் அளவை, தனித்தனியே சரிசெய்து குறித்துவைக்க வேண்டும் என்று பாடமாகப் படித்திருந்தேன். ஏன் என்பது அந்தக் கிடங்கில்தான் உடம்புக்கு உறைத்தது. அதற்கு அவர் வாடகையும் கேட்கவில்லை, நேரத்தையும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆயினும் நான் சொல்ல வந்த உதவி இதுவன்று. அது மறுநாள் மண்டபத்தில் நடந்தது, பார்ப்பதற்கு மிகச் சிறியது.

நம் ஊர் மண்டபங்களில் மிக்ஸர் எப்போதும் ஒலியமைப்பாளரின் பக்கத்திலேயே இருக்கும். அதில் வேறு எவரும் கை வைப்பதை அவர்கள் விரும்புவதில்லை. அதில் நியாயமும் உண்டு. ஒலி அளவு எல்லை மீறினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கேட்கக் கரகரப்பது மட்டுமல்லாமல், டாப்பிலுள்ள சிறு ஒலிப்பான்களைச் சுட்டும் விடும். அந்தச் செலவு அவர் தலையில்தான் விழும். அதனால் முதல் முறை மேடையேறும் ஒருவரிடம் ஒரு ஜோடி கேபிளை நீட்டிவிட்டு, தம் இடத்திலிருந்து ஓசைப்படாமல் ஒலியை ஏற்றி இறக்கிக்கொள்வதே வழக்கம். பாட்டுப் போடுபவர் எதைத் திருகினாலும் மண்டபத்தில் ஒன்றும் மாறாது. ஏன் மாறவில்லை என்றும் அவருக்குத் தெரியாது. அண்ணாச்சி தம் சிறிய மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேலேயே வைத்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடரை ஒட்டி வெள்ளை நிறப் பேப்பர் டேப்பை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து ஒட்டி, பேனாவால் இரண்டு கோடுகள் போட்டார்.

கீழ்க்கோடு, விருந்தினர் வந்து அமரும் நேரத்துக்கும் பந்தி நடக்கும் நேரத்துக்கும். மேல்கோடு எதற்கென்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: “யம்மா, ஆளில்லாத மண்டபம் ஏமாத்தும். சனம் வந்து நெறஞ்சா சத்தத்தக் குடிச்சிரும். அப்ப மேல உள்ள கோட்டுக்குப் போ. அதுக்கு மேல ஏத்துனா ஒனக்கும் நல்லால்ல, பொட்டிக்கும் நல்லால்ல.”

அவர் சொன்னதன் பின்னாலிருக்கும் அறிவியலை வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். எதிரொலியால் பயன்படாமல் கிடந்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும்படி 1895ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் பணிக்கப்பட்டார். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்துவரச் செய்து, அவற்றை அடுக்கி அடுக்கி, ஆர்கன் குழாயின் ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்திருக்கிறார். மனித உடலும் அதன்மேலுள்ள ஆடையும் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகின்றன என்பதையும் அவர் கணக்கிட்டார். பட்டுப்புடவையும் கோட்டுமாகச் சில நூறு பேர் வந்து நிறையும் ஒரு கூடத்தைப் பற்றிய அதே கணக்கு அண்ணாச்சியின் காதில் இருக்கிறது. எனக்காக அதை அவர் டேப்பில் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கோடுகள் எனக்கு எப்படி உதவின என்பதைச் சொல்லியாக வேண்டும். பலத்த ஒலியில் இருக்க இருக்கக் காது மந்தமாகும். சற்று முன் போதுமானதாக இருந்த அளவு போதாதது போலத் தோன்றும். கை தானாக ஃபேடரை நோக்கிப் போகும். பதற்றமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். யாரும் ஆட வராத முதல் அரை மணி நேரத்தில், ஒலியைக் கூட்டினால் வந்துவிடுவார்கள் என்று என் மனம் நச்சரித்துக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் கீழ்க்கோட்டைப் பார்த்தேன், கையை எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தேடினேன். பந்தி முடிந்து மாப்பிள்ளையின் தோழர்கள் மேடைக்கு முன்னால் கூடி, பின்வரிசைவரை ஆள் நிறைந்தபோது மேல்கோட்டுக்கு ஏற்றினேன். அடிநாதம் சரியாக வந்து உட்கார்ந்தது. பேசுபவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கத்த வேண்டியிருக்கவும் இல்லை. முன்வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்துள்ள வரம்பின்படி 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். கல்யாண வீடுகளில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, அண்ணாச்சி பார்க்கிறார் என்பதே என் பதில்.

இரவு முழுவதும் அவர் என் மேசைப் பக்கமே வரவில்லை. ஜெனரேட்டர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு எல்லை இது என்று காட்டிவிட்டு, அதற்குள் என்னை என் போக்கில் விட்டுவிட்ட அந்தப் பண்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தம் இடத்திலிருந்தே என்னைக் கட்டுப்படுத்தியிருந்தாலும் வரவேற்பு இதே போலத்தான் நடந்திருக்கும், ஒருவேளை இன்னும் நன்றாகவே நடந்திருக்கும். ஆனால் நான் எதையும் கற்றிருக்க மாட்டேன், என்னை நம்பவில்லை என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

அவருடைய கிடங்கின் மூலையில் பழைய கூம்பு ஒலிபெருக்கிகளோடு ஓர் இசைத்தட்டுப் பெட்டியையும் பார்த்தேன். டிஜே கலையின் வரலாறு என்று நான் படித்ததெல்லாம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்குவது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் தம் சகோதரி ஏற்பாடு செய்த விருந்தில் கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் மாற்றி மாற்றி ஓட்டி, ஆடுவதற்கு ஏற்ற தாளப் பகுதியை நீட்டிக் காட்டியவர் அவர். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் பந்தற்காலில் கூம்பைக் கட்டி, விடியலில் பக்திப் பாட்டில் தொடங்கி, பெண்ணழைப்புக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று என்று நேரமும் கூட்டமும் அறிந்து தட்டு மாற்றிய மைக் செட்காரர்களும் என் முன்னோர்தாம் என்பது அந்த மூலையில் நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது.

மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பத்தி எழுத எனக்கு ஆசைதான்; மடல் நீண்டுவிடும், ஆகவே சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தம் அலுவலகத் தேர்வுக்கு ஒரு வாரமே இருக்கும்போது தம் மடிக்கணினியை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்த என் அக்காவுக்கும், வாங்கிய பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காத கன்ட்ரோலரை “கீறல் விழுந்தாலும் பரவாயில்லை” என்று சொல்லிக் கொடுத்த வகுப்புத் தோழருக்கும், மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடையடைக்கும் நேரத்தில் ஷட்டரை மறுபடி தூக்கிக் கேபிள் எடுத்துக் கொடுத்த கடைப் பையனுக்கும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்ன பிறகும் “நீயே வா” என்று விட்டுக்கொடுக்காத மணமகள் வீட்டாருக்கும் என் வணக்கம். மிருதங்கம் கற்ற தோழிக்குத் தனியே ஒரு சொல். குத்துப் பாட்டுகளில் பல திஸ்ர நடையில் தகிட தகிட என்று மூன்றாக ஓடுகின்றன, இன்றைய ஆட்டப் பாட்டுகளில் பெரும்பாலானவை தகதிமி என்று நான்காக நடக்கின்றன. மென்பொருள் இரண்டுக்கும் ஒரே வேக எண்ணைக் காட்டினாலும் ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றினால் கால்கள் தடுமாறும். அவர் தரையில் தாளம் தட்டியே என் பட்டியலை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். வாத்தியக் குழு முழுவதும் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவான 1980களின் பாட்டுகளில் வேகம் நூலளவு கூடிக் குறைவதால் தாளம் விழும் இடங்களைக் காட்ட மென்பொருள் போடும் கட்டங்கள் பாதியில் விலகிவிடும். அவற்றையும் விடியவிடிய உட்கார்ந்து கையால் நகர்த்திச் சரிசெய்தவர் அவரே.

இனி நான் எந்த மண்டபத்தில் பாட்டுப் போடச் சென்றாலும், முதலில் ஒலியமைப்பாளரைத் தேடிப் போய் வணங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. கோயில் திருவிழா நோட்டீஸ்களின் அடியில் ‘ஒலி, ஒளி அமைப்பு’ என்று போட்டு மைக் செட்காரரின் பெயரை அச்சிடும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாசலில் கட்டியிருந்த பேனரில் என் பெயர் முழங்கை உயரத்துக்கு இருந்தது, அவர் பெயர் எங்குமே இல்லை. அடுத்த முறை பேனர் அடிப்பவர்களிடம் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன். இடமில்லை என்றால் என் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்வேன். அண்ணாச்சி இதற்கு ஒப்புக்கொள்வாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். பேனரில் பெயர் வந்தால் கடன் கேட்டு ஆள் வரும் என்று அவர் சிரிப்பார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. மண்டபத்திலிருந்து சாமான்களை ஏற்றும் அவசரத்தில், ஐந்து பிளக் கொண்ட கருப்பு எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று என் பையோடு வந்துவிட்டது. அண்ணாச்சி தம்முடையது இல்லை என்கிறார், அலங்காரக்காரரும் இல்லை என்கிறார். உரியவர் எனக்குத் தகவல் சொன்னால், அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பாட்டுப் போட்டவள்