சபைப் பொருளாளரான தம்பிக்கு

அன்புத் தம்பி,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சபைத் தேர்தலில் உன்னைப் பொருளாளராகத் தெரிந்தெடுத்த பிறகு நீ எழுதியதைப் படித்தேன். “இனி ஜெபம் கிபம் எல்லாம் போச்சு, ரசீது புக்கும் கையுமா அலைய வேண்டியதுதான்” என்கிறாய். விசுவாசம் வளருவது உபவாசக் கூடுகையில்தான், கணக்கு அதற்கு இடைஞ்சல் என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம்.

வேதம் அப்படிப் பிரிக்கவில்லை. ஆலயத்தைப் பழுதுபார்க்க யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். பணம் சேர்ந்தபோது ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள் (2 இராஜாக்கள் 12). தனியாக யாரும் எண்ணவில்லை. பவுலும் தர்மப்பணத்தைக் கொண்டுபோகையில் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனைக் கூடச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனுக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டதென்றால் உனக்குச் சொல்லவே வேண்டாம்.

முதலில் எண்ணுகிற வேலை. காணிக்கை எடுத்த உடனே பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வெஸ்ட்ரிக்கு (ஆலயத்தை ஒட்டிய போதகர் அறை) போய், பிரசங்கமோ திருவிருந்தோ நடக்கும்போது சில்லறை அடுக்குகிற வழக்கம் பல சபைகளில் உண்டு. இதை முதல் ஞாயிறே நிறுத்து. பை ஆசீர்வாதம் முடியும்வரை பூட்டுக்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் மூன்று வருஷம் கழித்து, நீ திருவிருந்து எடுத்த ஞாயிறுகளைவிட எடுக்காத ஞாயிறுகள் அதிகமாக இருக்கும். ஆத்துமாவில் வறட்சி எங்கிருந்து வந்தது என்றே உனக்குத் தெரியாது.

எண்ணும்போது மூன்று பேர் வேண்டும், அதில் இரண்டு பேர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. மேஜைமேல் கொட்டி, ஸ்தோத்திரக் காணிக்கை, தசமபாகக் கவர், பிறந்தநாள் காணிக்கை, கட்டட நிதி, மிஷனரி நிதி என்று தனித்தனியாகப் பிரித்தபின்தான் எண்ண வேண்டும். எண்ணியதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, மூவரும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்ப வேண்டும். “அடுத்த வாரம் சேர்த்துப் போடுகிறேன்” என்கிற கையெழுத்து வேண்டாம். பெண்கள் கொண்டுவருகிற பிடியரிசியையும் தராசில் வைத்து கிலோ எழுது. சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்தவர்களின் காணிக்கை அது. எடை போடாமல் “ஒரு சாக்கு” என்று எழுதினால் அவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

வந்த பணம் முழுவதும் திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டும். மைக் செட்டுக்காரனுக்கு, பூ வாங்க, கரண்டு பில்லுக்கு என்று காணிக்கையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டினால் பாஸ்புக்கும் ரசீதும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாது. செலவு எல்லாம் வவுச்சரோடு வங்கியிலிருந்து எடுத்துச் செய். ஜிபே ஸ்கேனர் அட்டை சபையின் வங்கிக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும். உன் நம்பருக்கு ஐம்பது ரூபாய் வந்தால்கூட உடனே சபைக் கணக்குக்கு மாற்றி ரசீது எழுது.

கணக்கில் கோளாறு பெரும்பாலும் திருட்டினால் வருவதில்லை, நிதிகள் கலந்துபோவதால் வருகிறது. கல்லறைத் தோட்ட மதிலுக்கு வந்த பணம் கிறிஸ்மஸ் சீரியல் லைட்டுக்குப் போகும், “பிறகு திருப்பி வைக்கலாம்” என்பார்கள். வங்கியில் ஒரே கணக்கு என்றாலும் பேரேட்டில் ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பத்தி போடு.

இனி உன் பாடு. ரப்பர் வெட்டுகிறவன் நீ. இடவப்பாதி மழையில் (ஜூன் மழை), மரத்தில் மழைக்கு மறைவாகப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் வெட்டு நிற்கும், கூலி நிற்கும். அதே ஜூனில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் வரும். அன்றைக்குச் சபைப் பணம் உன் அலமாரியில் இருக்குமானால், “ரெண்டு நாள் எடுத்துட்டு வச்சிரலாம்” என்ற நினைப்பு யாருக்கும் வரும். பணப்பை யூதாசின் கையில் இருந்ததையும் அவன் அதிலிருந்து எடுத்ததையும் யோவான் 12 சொல்லுகிறது. அந்த நேரத்தில் மனபலத்தை நம்பாதே, பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே வழி. ஞாயிறு இரவுக்கு ஆலயப் பெட்டகம் போதும். இரண்டு சாவி, இரண்டு வீட்டில். உனக்கே நெருக்கடி என்றால் போதகரிடம் போய் ஏழைகள் நிதியிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போடு. கொடுக்கிற இடத்தில் இருக்கிறவன் கேட்கிற இடத்தில் நிற்பது கஷ்டம்தான், ஆனால் அதில் கற்றுக்கொள்வது நிறைய.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லுவார்கள்: பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, மாடும் பொருளும் இழந்து சோர்ந்திருந்தபோது திருவிதாங்கூர்ப் படையில் இருந்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் தேவனை விடாத யோபின் சரித்திரத்தைச் சொன்னாராம்.  1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவர் அந்த நீலகண்ட பிள்ளைதான். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கத்துக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். மழைக்காலத்தில் நீயும் யோபை எடு. 42 அதிகாரம், தினம் இரண்டு என்றால் மூன்று வாரம்.

ஜெபத்துக்கு நேரமில்லை என்கிறாய். விடியுமுன் வெட்டத் தொடங்கி, கடைசி மரம் முடிந்து பால் எடுக்கிற வரைக்கும் சிரட்டையில் பால் சொட்டுகிற நேரம் ஒன்று இருக்கிறதே. போன் நோண்டுகிற அந்த நேரத்தில் இருபது நிமிஷம் போதும். மாற்கு ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், பதினாறு நாளில் முடியும். பிறகு சபைக் குடும்பப் பதிவேட்டை நகல் எடுத்து வைத்துக்கொள். 120 குடும்பம் இருந்தால் தினம் நாலு வீடு, ஒரு மாதத்தில் எல்லா வீட்டுக்காகவும் ஜெபித்திருப்பாய். ஆனால் காணிக்கைப் பட்டியலை வைத்து ஜெபிக்காதே. யார் எவ்வளவு போட்டார் என்பது மனசில் ஏறினால் அடுத்த ஞாயிறு அவர் முகத்தை நீ பார்க்கிற விதமே மாறிவிடும். அந்தத் தொகையை மனைவியிடமும் சொல்லாதே. மனசு காய்ந்துபோனால் சங்கீதம் 13 எடு. ஆறே வசனம், “எதுவரைக்கும்” என்ற கேள்வி அதில் நாலு முறை வருகிறது.

விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகையில் அதை ஏலம் விடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மட்டி வாழைக் குலை, ஒரு சேவல், ஒரு சக்கை (பலாப்பழம்), எல்லாம் உற்சாகத்தில் ஆயிரக்கணக்கில் போகும். எதிர்த்துக் கேட்கிறவன் பழைய பகைக்காரன் என்றால் இன்னும் ஏறும். மறுவாரம் பாக்கி நிற்கும். அதைப் பலிபீடத்துக்கு முன்னே பேர் சொல்லி வாசிக்கிற சபைகளும் உண்டு. வாசிக்கப்பட்டவன் பணத்தைக் கட்டமாட்டான், அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கும் வரமாட்டான், பக்கத்து ஜெபக்கூடத்தில் போய் உட்காருவான். ஆகவே ஏலம் விடுகிற இடத்திலேயே ஒருவரை உட்காரவைத்துப் பேர், பொருள், தொகை எழுதிச் சீட்டில் கையெழுத்து வாங்கு. ஒரு மாதத் தவணை என்று முன்கூட்டியே அறிவி. தவணை தாண்டினால் நீயும் ஒரு கமிட்டிக்காரரும் வீட்டுக்குப் போங்கள், மைக்கைத் தொட வேண்டாம். கட்டவே வழியில்லாதவர் என்று தெரிந்தால் கமிட்டியில் பேர் சொல்லாமல் தள்ளுபடிக்குத் தீர்மானம் எழுது.

சந்தேகம் கட்டாயம் வரும். “இவன் பைக்கு மாத்தினது எந்தக் காசுல?” என்று யாராவது கேட்பார்கள், அதுவும் வாட்ஸ்அப்பில். அங்கே பதில் போடாதே, வேதத்தைத் தொட்டுச் சத்தியமும் பண்ணாதே. மத்தேயு 18 சொல்லுகிறபடி முதலில் தனியாக அவர் வீட்டுக்குப் போ, புக்கைக் கையில் கொண்டுபோ. கேட்கவில்லை என்றால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதன் பிறகுதான் சபை. பெரும்பாலும் முதல் நடையிலேயே தீரும், ஏனென்றால் அவருக்குக் கணக்கின்மேல் அல்ல, தேர்தலில் தோற்ற அணிமேல்தான் துக்கம். ஜெயித்த அணிக்காரன் நீ, தோற்றவர்கள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்காரவும் கூச்சப்படாதே. காணிக்கை படைக்க வந்தவன் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று இயேசு சொன்னது காணிக்கையை எண்ணுகிறவனுக்கும் பொருந்தும்.

பொறுப்பு வாங்குகிற அன்று பழைய பொருளாளரோடு சண்டையில்லாமல், ஆனால் முழுசாக வாங்கு. தீர்ந்த ரசீது புத்தகங்களின் அடிக்கட்டை, தீராத புத்தகத்தில் கடைசியாக எழுதின நம்பர், அன்றைய தேதி வரைக்கும் பதிந்த பாஸ்புக், கையிருப்பு, ஏலப் பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, போதகரும் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். கிழிந்த ரசீது ஏதாவது இருந்தால் தூக்கி எறிய விடாதே, அதே நம்பர் இடத்தில் ஒட்டச்சொல்லி வாங்கு.

கிறிஸ்துவுக்குள்,
உன் அண்ணன்