மொட்டை மாடியில் காய்ந்த நீல மாஸ்க்குகள் பற்றி

அல்சூர், பெங்களூரு
ஜூலை 2021

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அந்தப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். எங்கள் கடை மொட்டை மாடியில் கொடி நிறைய நீல மாஸ்க். கீழே, ‘பழைய மாஸ்க்கைத் துவைத்துப் புதுசென்று விற்கிறார்கள்’ என்று ஒரு வரி. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் இருபது வருஷமாக என்னிடம் ஜாக்கெட் தைப்பவர். “என்ன மாஸ்டர் இது?” என்று மட்டும் கேட்டிருந்தார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

படத்தில் இருப்பது துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் இல்லை. பள்ளிக்கூடங்கள் மூடியதில் யூனிஃபார்முக்கு வாங்கிய இளநீலத் துணி தான் பீஸ் பீஸாக மிஞ்சியது. அதில்தான் மாஸ்க் தைத்தோம், உங்களில் பாதிப் பேர் முகத்தில் இருப்பதும் அதுதான். எதிர் மாடியிலிருந்து பார்த்தால் மருந்துக்கடை மாஸ்க் மாதிரியே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கிட்டே வந்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஊக்கு குத்திய துணிச்சீட்டும், அதில் என் கோணல் கையெழுத்தில் பில் நம்பரும் தெரிந்திருக்கும். எலாஸ்டிக் தளர்ந்துபோனதென்று நீங்கள் கொடுத்தவைதான் அவை. வெந்நீரில் சோப்பு போட்டு அலசி, ஐந்து மணி நேரம் வெயிலில் காயவைத்து, எலாஸ்டிக் மாற்றி அதே நம்பருக்குத் திருப்பித் தருகிறோம். ஒருவர் மாஸ்க் இன்னொருவர் கைக்குப் போனதே இல்லை.

சர்ஜிகல் மாஸ்க்கைத் துவைத்தால் அது எதற்கும் உதவாது. அது பருத்தியே இல்லை, பாலிப்ரொப்பிலீன். நடு அடுக்கில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீர் பட்டால் அது போய்விடும். தையல்காரனுக்கு எதற்கு இந்த விஞ்ஞானம் என்பீர்கள். ஒரு வாரமாகப் பதில் சொல்லியே படித்துக்கொண்டேன்.

ஏப்ரலில் மகாராஷ்டிரத்து ஜல்காவில் மெத்தைக்குள் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய மாஸ்க்கை அடைத்ததாகப் போலீஸ் வழக்குப் போட்டது. அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வருவதில் தப்பில்லை. படியேறி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கமும் பிசகு உண்டு. எலாஸ்டிக் மாற்ற வேண்டிய துணி மாஸ்க்குக்காக வாசலில் வைத்த அட்டைப் பெட்டியில் ‘பழைய மாஸ்க் இங்கே’ என்று மொட்டையாக எழுதியிருந்தோம். போகிறவர் வருகிறவரெல்லாம் சர்ஜிகல் மாஸ்க்கையும் போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னபடி 72 மணி நேரம் காகிதப் பையில் வைத்து, யாரும் எடுத்து மாட்டாதபடி குறுக்கே கத்தரித்து, குப்பை ஆட்டோவில் தனியாகக் கொடுத்தோம். அதற்குத் தனிக் கத்தரி. உங்கள் ஜாக்கெட் வெட்டும் கத்தரி இல்லை! இப்போது பெட்டியை எடுத்துவிட்டோம். வீட்டிலேயே இதே மாதிரி செய்துவிடுங்கள். கோவிட் நோயாளி போட்ட மாஸ்க் மட்டும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குத்தான் போக வேண்டும்.

ஊரடங்கில் ஒரு கல்யாண ஆர்டர்கூட இல்லாத மாதங்களில், வீட்டில் ஏற்கெனவே இருந்தும் அரை டஜன் ஒரு டஜன் என்று மாஸ்க் வாங்கிப் போனீர்கள். கடை வாடகை கட்டியது அந்தக் காசில்தான். அதை நானும் என் வீட்டாரும் மறக்க மாட்டோம்.

அப்புறம், காஜா போடும் தம்பி ஊரோடு போய்விட்டதால் ஆகஸ்ட் 1 முதல் ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, எலாஸ்டிக் மாற்ற பத்து ரூபாய். இதுவரை கொடுத்தவற்றுக்கு வேண்டாம். தைத்து முடித்த மாஸ்க் நாற்பது சொச்சம் மேஜையில் கிடக்கிறது. பில்லோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையல் கடை மாஸ்டர்