பத்து லிட்டருக்கும் பத்தாயிரம் லிட்டருக்கும் நடுவே

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரி உற்பத்தியை வளர்ப்பதற்கான பயோஇ3 கொள்கைக்கு 2024 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன்படி அமையவிருக்கும் உயிரி உற்பத்தி மையங்களுக்கு டெண்டர் எழுதுமுன், நுண்ணுயிர்களைக் கலன்களில் வளர்த்துப் பொருள் எடுக்கும் நொதித்தல் கூடங்களில் வேலை பார்க்கும் எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

நமக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும்படி மரபணு மாற்றிய ஈஸ்ட், ஆய்வகத்தில் 10 லிட்டர் கலனில் செழிக்கும்; 10,000 லிட்டரில் படுத்துக்கொள்ளும். பழி மரபணுவின் மேல் விழும். பல சமயம் குற்றவாளி வெப்பம். அதே வடிவில் கலனைப் பெரிதாக்கினால் கொள்ளளவு 1,000 மடங்காகும், வெளிப்பரப்பு 100 மடங்குதான் கூடும். ஒவ்வொரு சதுர மீட்டரும் பத்து மடங்கு சூட்டைக் கடத்தியாக வேண்டும். மெத்தனாலை உண்டு வளரும் பிச்சியா என்ற ஈஸ்ட் வகை சூட்டைக் கக்கும். 30 டிகிரியைத் தாண்ட விடக்கூடாது. சென்னை மே மாதத்தில் கூலிங் டவர் தண்ணீரே 30ஐத் தொட்டுவிடும். தண்ணீரை மேலும் குளிர்விக்கும் சில்லரில் சிக்கனம் பிடித்தால், கோடை முழுக்க ஊட்டத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்; விளைச்சலும் அதற்கேற்பச் சரியும்.

பெரிய கலன் மட்டும் வாங்கினால் அது காட்சிப்பொருள். அதன் கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதம், முன்பே சிறு கலனில் வளர்த்த ஈஸ்ட்டை விதைக்கரைசலாக ஊற்ற வேண்டும். 500 லிட்டர் கலன் ஒன்று, அதற்கு விதை தர 50 லிட்டர் கலன் ஒன்று, பிறகுதான் குடுவை. இவை ஒரே டெண்டரில் வரட்டும்.

மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பார்கள். ஆனால் மின்சாரம் நின்றால், அடர்த்தியாக வளர்ந்த கரைசலில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஜெனரேட்டர் பத்து நொடியில் எழுந்தாலும் கலனுக்குக் காற்று தரும் கம்ப்ரசரில் அழுத்தம் ஏற நேரமெடுக்கும். கலனின் உள்ளழுத்தம் இறங்கினால் வெளிக்கிருமி புகும் வாய்ப்பு கூடும். கம்ப்ரசருக்கு அடுத்துக் காற்றுத் தொட்டியும், கலக்கிக்குத் தனி மின் காப்பும் கேளுங்கள்.

அறுவடைப் பகுதியைக் கடைசியில் ஒட்டவைக்க வேண்டாம். அறுவடையான கரைசல் காத்துக்கிடந்தால் அதிலுள்ள நொதிகளே நம் புரதத்தைக் கத்தரித்துவிடும். 10,000 லிட்டரும் 8 மணி நேரத்தில் முடிய, உயிரணுக்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மணிக்கு 1,250 லிட்டராவது இழுக்க வேண்டும். மரபணு மாற்றிய உயிரணுக்களைக் கொன்றபின் வெளியேற்றத் தனித் தொட்டி வேண்டும். அந்தக் கழிவில் ஊட்டப்பொருள் மிகுதி. அருகிலுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தாங்குமா என்று இடம் தேர்வாகும்போதே பாருங்கள்.

இயந்திரத்துக்கு ஒரே தவணையில் பணம் தருவதைவிட, மூன்று ஷிப்டு ஆட்களுக்கும் பராமரிப்புக்கும் முதல் ஐந்து ஆண்டுச் செலவை ஒதுக்குவது முக்கியம். சிறு நிறுவனங்கள் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி ஓட்டிக்கொள்ளட்டும். அந்தக் கட்டணப் பட்டியலையும் காலி நாட்களையும் ஒவ்வொரு மையமும் மாதந்தோறும் வெளியிட உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நொதித்தல் துறைப் பொறியாளர்கள் சிலர்