ஆவணி மூல வீதியில் கம்பம் நடுவதற்கு முன்

மதுரை மாநகராட்சி ஆணையருக்கும் மாநகரக் காவல்துறையின் போக்குவரத்துப் பிரிவுக்கும் வணக்கம்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு நெடுநாளாகவே தடை உண்டு. அதை அடுத்த சுற்றான ஆவணி மூல வீதிகளுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சித்திரை வீதியில் தடை நிலைத்து நிற்பது கோயில் பாதுகாப்புக்கு எந்நேரமும் காவலர்கள் இருப்பதால்தான். ஒரு சுற்று வெளியே வந்தால் அந்தக் காவல் கிடையாது.

நான்கு வீதிகளையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். மாநகராட்சி கட்டிய பல அடுக்கு வாகன நிறுத்தம் வடக்காவணி மூல வீதியில் இருக்கிறது. அதற்குப் போக வழி வேண்டும். நகைக்கடைகள் நெருங்கிய தெற்காவணி மூல வீதியில் தொடங்கலாம். வடக்கே வண்டியை விட்டவர் சித்திரை வீதி வழியே நிம்மதியாக நடந்து தெற்கே வரலாம். நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி விடுங்கள். அதற்கும் வெளிச் சுற்றான மாசி வீதிகளில் இப்போது கை வைக்க வேண்டாம். கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்த வியாபாரம் லாரியை நம்பியது. உள்ளே வராத வண்டிகளுக்கும் சுற்றிப் போக அந்த வீதிகள்தான் வழி.

பெரிய தலைவலி பைக்குகள். வண்டிகளைத் தடுக்க வீதி முனையில் கம்பம் நடும்போது, சக்கர நாற்காலி நுழையக் கம்பங்களுக்கிடையே குறைந்தது 90 செ.மீ. இடைவெளி விட வேண்டும். பைக் ஹேண்டில்பாரின் அகலமோ ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ.தான். நாற்காலி போகும் இடத்தில் பைக்கும் போகும். குறுக்கே கம்பி வைத்து நெளிந்து வரச் செய்தால், முதலில் மாட்டிக்கொள்வது நாற்காலியும் குழந்தை வண்டியும்தான். ஆகவே ஒவ்வொரு வாயிலுக்கும் இரண்டு ஷிஃப்ட் ஆள் போடுங்கள். வாயில்களை எண்ணும்போது சந்துகளை விட்டுவிடாதீர்கள். முனைகளை மட்டும் அடைத்த தடைகள் சந்து வழியாகத்தான் தோற்கின்றன.

அடுத்தது சரக்கு. காலை 6 முதல் 9 வரை என்று அறிவித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். கடை திறப்பதே அதற்குப் பிறகு. மூடிய ஷட்டர் முன்னால் குட்டியானை (சிறு சரக்கு வண்டி) எதை இறக்கும்? இரவு 9.30 முதல் காலை 9.30 வரை திறந்து வையுங்கள். கடை அடைக்கும் நேரத்திலும் அப்போது சரக்கு இறங்கும். பகலில் வரும் பார்சல்களை மாசி வீதி முனையில் ஒதுக்கிய இடத்தில் இறக்கி, தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகலாம். சுமைப்பணியாளர்களிடம் கூலியை முன்பே பேசி முடிக்காவிட்டால் முதல் நாளே நின்றுபோகும்.

குடியிருப்போருக்கு ஸ்டிக்கர் கொடுத்தால் அடுத்த வாரமே ஜெராக்ஸ் வந்துவிடும். வண்டி எண் பட்டியலை வாயிலில் நிற்பவரின் கைபேசியில் ஏற்றுங்கள்.

கழற்றி மாட்டும் கம்பங்களே வேண்டும். தீயணைப்பு வண்டிக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் வழி விட்டாக வேண்டும். கம்பம் இறங்கும் குழியின் அடியில் ஜல்லி போட்டு நீர் வடியச் செய்யாவிட்டால், சேறு அடைத்து, கழற்றிய கம்பம் திரும்ப இறங்காது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. அதன் நகல் ஒன்று தீயணைப்பு நிலையத்திலும் இருக்கட்டும். நடுவில் 4 மீட்டர் பாதையைக் கோடு போட்டுக் காலியாக வையுங்கள். வண்டி போன இடத்தைக் கடைக்காரர்களின் ஸ்டாண்டு பலகைகள் பிடித்துக்கொள்ள ஒரு வாரம் போதும். தெருவோர வியாபாரிகளின் இடத்தை 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

தரையில் பேவர் கல் பதிப்பதானால் 80 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது. 60 மி.மீ. கல், சரக்கு வண்டி திரும்பும் முனைகளில் நகர்ந்து பள்ளமாகும்.

அறிவிப்புப் பலகையை வீதி வாயிலில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே வந்து பார்க்கும் கார்காரர் திரும்ப இடமின்றி மாசி வீதியையே அடைப்பார். மாசி வீதிக்கும் அடுத்த சுற்றான வெளி வீதிகளிலேயே முதல் பலகை வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன்படி, ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். அதை வெள்ளோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் கூட்டத்திலும் சித்திரைத் திருவிழாவிலும் வேண்டாம்; ஆனி மாதம் தோதாக இருக்கும்.

இப்படிக்கு,
சாலை வடிவமைப்பிலும் சரக்குப் போக்குவரத்திலும் பணிபுரிவோர், மதுரை